மிஸ் கவர்டேல் வந்துவிட்டார்

வினி ஹெப்டன் சிறு வயதிலிருந்தே யார் கண்ணிலும் நிற்காதவள். அழகில்லாததால் அல்ல. அவலட்சணமாக இருந்திருந்தால்கூட நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஹாலிஃபாக்ஸ் ஊரின் கடைத்தெருவில் கறிக்கடை வரிசையில் அவள் நின்றால், கடைக்காரர் அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, பின்னால் நிற்பவளிடம், "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று கேட்பார். சேப்பல் என்ற சின்னத் தேவாலயத்தின் போதகர் அவளை எப்போதோ இறந்துபோன அவள் அக்காவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வினி திருத்தமாட்டாள். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அவளுக்கு வேலை கம்பளி மில்லில். தறியிலிருந்து இறங்கும் துணியைச் சாய்வு மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரல் நுனியால் தடவிப் பார்த்து, இழை அறுந்த இடத்தில் ஊசியால் புது இழை ஓட்ட வேண்டும். பதினாலு வயதில் உட்கார்ந்த மேசை அது. அடுத்த மேசை ஐவி கிரீன்வுட்டுக்கு. ஐவிக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

வினியின் அம்மா பல வருஷம் படுக்கையில் கிடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் கோடையில் கண்ணை மூடினாள். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே ஐவி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, அம்மாவுக்குக் கஞ்சி ஊத்தியே நாப்பத்தாறு வயசாயிடுச்சு உனக்கு. ஒரு ராத்திரியாவது வேற எவளாவது விரிச்சுக் குடுத்த படுக்கையில படுத்து எந்திரி. எங்களோட பிளாக்பூல் கடற்கரைக்கு வாயேன்."

"அங்க ஒரே கூட்டம்."

"கூட்டத்துல உன்னைத் தொலைச்சிடுவோம்னு பயமா?"

"தொலைச்சது உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு பயம்."

ஐவி விழுந்து விழுந்து சிரித்தாள். வினி அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவள் மனசில் வேறோர் இடம் இருந்தது. சின்ன வயதில் ஒருமுறை அப்பா அவளை யார்க் நகருக்குக் கூட்டிப்போயிருந்தார். மழையில் ஒதுங்கி நின்றபோது எதிரே ரேவன்ஸ்கில் ஹோட்டல். அதன் அகன்ற ஜன்னலுக்குள்ளே மஞ்சள் விளக்கு, வெள்ளை மேசைவிரிப்பு, அவசரமே இல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மனிதர்கள். அந்தக் காட்சி அவளைவிட்டுப் போகவேயில்லை. நவம்பரில் அந்த ஹோட்டலுக்கு எழுதிப்போட்டு, சனி ஞாயிறுக்கு ஓர் அறை கேட்டாள். கிளம்பும்போது அம்மாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

அவள் போய் இறங்கிய மத்தியானம் ஊரே மூடுபனிக்குள் கிடந்தது. சுழல் கதவைத் தள்ளத் தெரியாமல் தடுமாறியபோது, உள்ளேயிருந்து யாரோ அதைப் பிடித்து நிறுத்தி அவளை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டார்கள். பச்சைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நின்ற கிழவர், வாசல் காவலர் ஆம்ப்ளர். அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ் கவர்டேல்! வண்டி லேட்டுங்களா? இந்தப் பனியில நீங்க வரமாட்டீங்கன்னே நெனச்சிட்டோம்."

வினி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

"நான் ஹெப்டன்," என்றாள். "வினிஃப்ரெட் ஹெப்டன். லெட்டர் போட்டிருந்தேன்."

ஆம்ப்ளர் குரலைத் தாழ்த்தி, ரகசியத்துக்கு உடந்தையாகிறவர்போலக் கண்ணைச் சிமிட்டினார். "அப்படியே இருக்கட்டும்மா. எந்தப் பேர்ல வந்தாலும் உங்க ரூம் உங்க ரூம்தான்."

சாவி கொடுக்கும் பெண்ணும் எதுவும் கேட்கவில்லை. "தேவாலயக் கோபுரம் தெரியற பக்கம்தானே, மிஸ் கவர்டேல்? கணப்பு காலையிலேயே போட்டாச்சு," என்றாள். அந்த நேரத்தில் வினி உரக்கச் சொல்லியிருக்கலாம். நான் அவளில்லை, உங்கள் கண்ணில் என்ன கோளாறு என்று கேட்டிருக்கலாம். ஆனால் தன்னைப் பார்த்ததும் ஒரு முகம் மலர்வதை அவள் அன்றுவரை கண்டதில்லை. வாயைத் திறந்து அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அறையில் பித்தளைக் கட்டில், கற்பூர வாசனை அடிக்கும் பெரிய அலமாரி, சிவந்து கனலும் நிலக்கரி. படுக்கை விரித்துக்கொண்டிருந்த பணிப்பெண் பெக்கி, "போன தடவை கையுறையை விட்டுட்டுப் போயிட்டீங்க. டிராயர்லதான் பத்திரமா வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வினி இழுப்பறையைத் திறந்தாள். சாம்பல் நிறத் தோல் கையுறைகள். எடுத்து மாட்டிப்பார்த்தாள். அவள் வலது ஆள்காட்டி விரல் ஊசி பிடித்துப் பிடித்து நுனியில் ஒருபக்கமாக வளைந்திருக்கும். கையுறையின் அந்த விரலும் அதே பக்கம் வளைந்திருந்தது. சட்டென்று கழற்றி உள்ளே போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் கணப்பின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை உணவுக்கு இறங்கினாள். கேட்காமலே பணியாளர் முள் எடுத்த புகைமீனும், எலுமிச்சைத் துண்டு மிதக்கும் பாலில்லாத தேநீரும் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான பால்தேநீர் குடிப்பவள் அவள். முதல் மிடறு புளித்தது. இரண்டாவது பழகிவிட்டது.

பக்கத்து மேசையில் பாதிரியார் ப்ரூவிட் உட்கார்ந்திருந்தார். மனைவி போனபின் அந்த ஹோட்டலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்ட முதியவர். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"போன வருஷம் பாதியில நிறுத்திட்டுப் போயிட்டீங்கம்மா. உங்க தம்பி கதையை. மனசு கேக்கல எனக்கு. என்னதான் ஆச்சு?"

வினிக்குத் தம்பி கிடையாது. இருந்ததுமில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கடல்ல போயிட்டான், பாதிரியாரய்யா," என்றது அவள் வாய். "விட்பி பக்கத்துல. படகு தானா கரைக்கு வந்துது. அவன் வரல."

"அதான், அதான். படகு வந்ததோட நிறுத்தினீங்க." பாதிரியார் அவள் கையை மெதுவாகத் தட்டினார். "ஆண்டவர் பாத்துப்பார்."

விட்பி கடலை வினி பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் படகு அவள் கண்ணுக்குள் நின்றது. நீலச் சாயம் உரிந்த பக்கப்பலகை, உள்ளே தேங்கிய தண்ணீரில் ஒரு சின்ன செருப்பு. அழுகை வந்தது. இல்லாத தம்பிக்காக, வெள்ளை மேசைவிரிப்பின் முன் உட்கார்ந்து அவள் அழுதாள். பணியாளர் ஒரு சுத்தமான துணியை வைத்துவிட்டு நகர்ந்தார்.

திங்கட்கிழமை மில்லில் எல்லாவற்றையும் ஐவியிடம் சொன்னாள். படகை மட்டும் சொல்லவில்லை.

"அடி சண்டாளி! ஓசியில சீமாட்டி ஆயிட்டியா? ஒருநாள் அந்தக் கவர்டேல் வந்து உன் கொண்டையைப் பிடிச்சு இழுத்து வெளிய தள்ளப் போறா பாரு."

"அவங்க வந்தாத்தானே."

"அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ. நான் உன் வேலைக்காரின்னு சொல்லு."

ஆனால் அடுத்த நவம்பரிலும் வினி தனியாகத்தான் போனாள். அதற்கடுத்த நவம்பரிலும். வருஷம் முழுக்க அந்த இரண்டு நாளுக்காகவே இருந்தாள். ஹோட்டலில் அவள் நடை மாறியது, பேச்சு மாறியது. பாதிரியாருக்குத் தம்பியைப் பற்றிப் புதிது புதிதாகச் சொன்னாள். எதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, வந்தபிறகு உண்மைபோல் இருந்தது.

ஊரில்தான் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முதலில் அது பழைய கதைதான் என்று நினைத்தாள். சேப்பல் விருந்தில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தவள் அவள் கோப்பையைத் தாண்டிப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் அவள் தனியாக நின்றால் வண்டி நிற்காமல் போனது. ஒரு காலையில் மில்லுக்குப் போனால், அவள் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்து துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

"காலியா கிடக்கேன்னு குடுத்தேன்," என்றார் மேஸ்திரி. பிறகு அவளை உற்றுப் பார்த்து, "நீ எந்தப் பிரிவும்மா?" என்றார். அவளுக்கு மூலையில், வெளிச்சம் படாத ஒரு மேசை கிடைத்தது.

இன்னொரு நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். ஒரு புருஷனும் பெண்சாதியும் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறதென்று தெருவில் சொன்னார்களாம். திரை தொங்குகிறது, அடுப்பு எரிகிறது, அவள் ஏப்ரனோடு எதிரே நிற்கிறாள். அந்தப் பெண்சாதி, "யாரும் இருக்கற மாதிரி தெரியலையே," என்று புருஷனிடம் சொன்னாள்.

ஐவி மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் சில நாள், "ஏண்டி..." என்று ஆரம்பித்துவிட்டு, பேரைத் தேடுகிறவள்போல ஒரு கணம் நெற்றியைச் சுருக்குவாள்.

நாலாவது முறை அவள் போனபோது மழை. மத்தியானத் தேநீர் வேளை. கூடத்தில் தன் வழக்கமான நாற்காலியில், சாம்பல் கையுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுழல் கதவு திரும்பி ஒரு பெண்ணை உள்ளே விட்டது. நெட்டையான உருவம், நீண்ட முகம், நனைந்த தொப்பி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வினியோடு ஒரு சாடைகூடக் கிடையாது.

"நான் மிஸ் கவர்டேல்," என்றாள் அந்தப் பெண், சாவி மேசையருகே நின்று. "என் ரூம் தயாரா?"

சாவிப் பெண் ஆம்ப்ளரைப் பார்த்தாள். ஆம்ப்ளர் மிகுந்த மரியாதையோடு முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும் மேடம். எங்கயோ தப்பு நடந்திருக்கு. மிஸ் கவர்டேல் அதோ டீ சாப்பிட்டுட்டு இருக்காங்க."

கூடத்திலிருந்த எல்லாரும் வினியைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வியப்பும் இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் கதவு பூட்டியிருக்கக் கண்டவளின் களைப்புதான் இருந்தது.

வினி கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

"ஆம்ப்ளர், இவங்கதான் மிஸ் கவர்டேல். நான் இல்லை. நான் ஹாலிஃபாக்ஸ் மில்லுல வேலை செய்யறவ. வினி ஹெப்டன்."

ஆம்ப்ளர் குலுங்கிச் சிரித்தார். "உங்க கிண்டலுக்கு அளவே இல்லைங்க, மிஸ் கவர்டேல்."

பாதிரியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே வினி கூடத்தைக் கடந்துபோய், அந்தப் பெண்ணின் ஈரக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் எதிரே உட்காரவைத்தாள். தன் கோப்பையையே அவள் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள்.

"எலுமிச்சைதானா இன்னும்? எனக்கு மொதல்ல பிடிக்கவே இல்லை. பால் ஊத்திக் குடிச்சுப் பழகினவ நான்."

"உங்க தம்பியைப் பத்தி..." என்றாள் வினி. "நான் ஏதேதோ சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"எனக்குத் தம்பி கிடையாது. நான் ஒத்தைப் பொண்ணு." அவள் இரண்டு கையாலும் கோப்பையை அணைத்துக்கொண்டாள். "என் பேர் எதெல் நோக்ஸ். ஹல் ஊர்ல டீச்சர். உலக யுத்தம் முடிஞ்ச வருஷம் இங்க வந்தேன். கதவைத் தாண்டினதும் அந்த ஆள் என்னை மிஸ் கவர்டேல்னு கூப்பிட்டார். கையுறை அப்பவே டிராயர்ல இருந்துச்சு. எனக்கும் சரியா இருந்துச்சு."

"அப்போ அசல் மிஸ் கவர்டேல்?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு முன்னால ஒரு கிழவி இருந்தாங்க. ஒருநாள் வந்து, நான் இப்ப நின்ன அதே இடத்துல நின்னு பேர் சொன்னாங்க. நான் எந்திரிக்கல. கோப்பையைக்கூடக் கீழ வைக்கல. அவங்க திரும்பிப் போயிட்டாங்க." எதெல் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எந்திரிச்சிட்டீங்க."

பிறகு மீதியைச் சொன்னாள். நுரையீரல் நோய் வந்து ரொம்ப காலம் சானடோரியத்தில் கிடந்தாளாம். அதற்குள் இங்கே வருவது நின்றுபோனது. குணமாகித் திரும்பினால், வகுப்பில் வேறொருத்தி பாடம் நடத்துகிறாள். தலைமையாசிரியர் யாரைப் பார்க்க வேண்டுமென்று கேட்கிறார். வீட்டில் வேறு குடும்பத்தின் துணி காய்கிறது. சொந்த அத்தை மகள் கதவைத் திறந்து, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி மூடிவிட்டாள்.

"இங்கயாவது தெரியுமேன்னு வந்தேன்," என்றாள் எதெல். பிறகு குரலை இறக்கி, "உங்களை ஊர்ல யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

"ஒருத்திக்கு. ஐவிக்கு. அவளுக்கும் இப்பல்லாம் பேர் சட்டுனு வரமாட்டேங்குது."

"அப்ப இந்த நிமிஷமே கிளம்புங்க. மாடிக்குக்கூடப் போகாதீங்க. இந்த நாற்காலி எனக்கு வேணும். எனக்குப் போக வேற இடம் கிடையாது. உங்களுக்கு இருக்கு."

வினி கையுறையை இழுத்தாள். வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பல்லால் கடித்து இழுத்துத்தான் கழற்ற முடிந்தது. கழன்றபோது தோல் எரிந்தது. அதை மேசையில் வைத்தாள். எதெல் அவள் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, பழகிய கையால் கையுறையை மாட்டிக்கொண்டாள். நீண்ட அந்த விரல்களுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியதை வினி பார்த்தாள்.

கம்பளத்தைக் கடந்து வாசலுக்கு நடந்தாள். யாரும் திரும்பவில்லை. ஆம்ப்ளர் சுழல் கதவை அவளுக்காகப் பிடித்தார்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம். வெளிய நல்ல மழை. குடை இருக்குங்களா?"

முன்பின் அறியாதவரிடம் காட்டும் மரியாதை. ஒருவர் தன்னை அடையாளம் தெரியாமல் பேசியது வாழ்க்கையில் அன்றுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குள்ளே பாதிரியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எதெலின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு எதெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹாலிஃபாக்ஸில் இறங்கியதும் வினி தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஐவி வீட்டுக் கதவைத் தட்டினாள். ஐவி கையில் உருளைக்கிழங்குக் கத்தியோடு வந்து திறந்தாள். வினியை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

எத்தனையோ வருஷமாக யாரையும் திருத்தாத வினி, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"வினிடி! வினி ஹெப்டன்! பதினாலு வயசுலேர்ந்து உன் பக்கத்து மேசை! உன் கல்யாணத்துக்குக் கேக்கைத் தூக்கிட்டு வந்து சேப்பல் படியில குப்புற விழுந்தவ! உனக்கு மூத்தவன் பொறக்கறப்ப என் கையைக் கடிச்சு வச்சியே, அந்தக் கை இதுதான்! பாரு! பாருடி!"

ஐவி கையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். வினி கையை இன்னும் அருகே நீட்டினாள். பிறகு ஐவியின் வாயோரம் மெல்ல நெளிந்தது.

"அந்தக் கேக்குல பாதி உன் தொப்பியிலதான் இருந்துச்சு," என்றாள். "என்னடி இது, தொண்டையைக் கிழிச்சுக்கற? தெருவே பாக்குது."

"பாக்கட்டும்," என்றாள் வினி. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவளை ஊரில் ராங்கிக்காரி என்றார்கள். கறிக்கடையில் பின்னால் நிற்பவளைக் கடைக்காரர் கேட்டால், "முன்னாடி ஒருத்தி மரமாட்டம் நிக்கறது தெரியலையா?" என்பாள். மேஸ்திரியிடம் சண்டை போட்டு ஜன்னலோர மேசையைத் திரும்ப வாங்கினாள். போதகர் அக்கா பேரைச் சொன்னபோது, பிரசங்கத்தின் நடுவிலேயே எழுந்து நின்று திருத்தினாள். பேருந்து நிற்காவிட்டால் நடுரோட்டில் போய் நின்றாள். ஐவிதான், "உன்னோட வெளிய போனா மானம் போகுதுடி," என்று புலம்புவாள். ஐவியின் புருஷன் இறந்தபிறகு இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

வினி யார்க் பக்கம் மறுபடி போகவேயில்லை. ஆனால் ஒரு வசந்தத்தில் சேப்பல் பெண்கள் அங்கே ஒருநாள் சுற்றுலா போனபோது, ஐவி அவர்களோடு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பை உதறிவிட்டு அடுக்களை நாற்காலியில் சாய்ந்தாள்.

"உன் ஹோட்டலுக்குள்ள போய்ப் பாத்தேன்டி. சும்மா, ஒரு வாய் டீ குடிக்க."

அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்த வினி திரும்பாமலே கேட்டாள். "எதெல் இருந்தாங்களா? உயரமா, நீள மூஞ்சியா?"

"அப்படி யாருமில்ல. மிஸ் கவர்டேல்னு ஒருத்தியைத் தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க. செகப்பு முடி, குண்டா இருக்கா. முப்பது வயசுகூட இருக்காது. ஒரு கிழட்டுப் பாதிரியார்கிட்ட என்னமோ சொல்லி அழுதுட்டு இருந்தா."

வினி கரண்டியைக் கீழே வைத்தாள். எதெல் எங்கே போனாள் என்று சொல்லக்கூடியவர் இனி யாருமில்லை.

"நல்ல மனுஷங்கடி," என்றாள் ஐவி, கண்ணை மூடிக்கொண்டு. "நான் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் வருது. வாசல்ல நிக்கற அந்தக் கிழவன் என்னைப் பாத்துச் சிரிச்சான் பாரு, ரொம்ப நாள் பழகினவன் மாதிரி. அடுத்த மாசம் ஒருநாள் தங்கிப் பாக்கலாமான்னு இருக்கு."

வினி வந்து அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் இறுகப் பிடித்தாள்.

"உன் பேரைச் சொல்லு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"சொல்லுடி."

"ஐவி."

"முழுசா."

ஐவி கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்தாள். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. வினியின் பிடி இறுகியது.

"கிரீன்வுட்," என்றாள் ஐவி. "ஐவி கிரீன்வுட். கையை விடுடி, வலிக்குது."

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் வினி. கையை விடவில்லை.